ஊட்டிக் கெடுத்தது யார்?

தாராவியில் குழந்தை நோஞ்சானாக இருந்தால் ஏச்சு தாய்க்கு. குண்டாக இருந்தாலும் தாய்க்குத்தான். பிராடர்-வில்லி என்ற குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தையின் தாய்க்கு இரண்டு ஏச்சும் அடுத்தடுத்துக் கிடைக்கும்.

பிறந்த குழந்தை துணிப்பொம்மை மாதிரி துவண்டு கிடக்கும். பால் உறிஞ்சத் தெம்பு இருக்காது. எடை ஏறாது. "ஏளா, பிள்ளைக்குப் பால் குடுக்கியா, இல்லையா?" என்பார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பேரனைப் பார்க்க வந்த மாமியார். உட்காருவது, நடப்பது, பேசுவது எல்லாமே தாமதம். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழாகிறது. பசி. வயிறு நிறைந்துவிட்டது என்ற சேதியே மூளைக்குப் போய்ச் சேராத பசி. சோற்றுப் பானை, பக்கத்து வீட்டுத் தட்டு, சில சமயம் குப்பைக்கூடைகூட மிஞ்சாது. குழந்தை ஊதிக்கொண்டே போகும். "கேட்டதையெல்லாம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கா" என்பார்கள் மாட்டுங்காவில். செம்பூர் அடுக்குமாடியிலும் தீர்ப்பு அதுதான்.

இந்தக் குறைபாட்டை 1956-ல் ஸூரிச் நகர மருத்துவர்கள் பிராடர், லாப்ஹார்ட், வில்லி மூவரும் விவரித்தார்கள். (பெயரில் நிலைத்தது இருவர்தான். லாப்ஹார்ட் பாவம்.) கோளாறு இருப்பது 15-ஆம் குரோமோசோமில். அதில் தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று என நம் எல்லோரிடமும் இரண்டு பிரதிகள் உண்டு. ஆனால் அதன் ஒரு பகுதியில் சில ஜீன்கள் தந்தை தந்த பிரதியில் மட்டுமே வேலை செய்யும். தாய் தந்தவை வாய் திறக்காது. தந்தை வழி வந்த அந்தப் பகுதி இல்லாமல் போனால் இந்தக் குறைபாடு. மாமியார்களுக்குச் சங்கடமான செய்திதான். அதற்காக அப்பாவைக் கூண்டில் ஏற்றவும் முடியாது. பெரும்பாலும் இது தற்செயலாக நேரும் பிழை. சுமார் 15,000 குழந்தைகளில் ஒன்றுக்கு நேர்கிறது. அம்மா ஊட்டிய சோற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பழி போடுவதில் படித்த நாடுகளும் சளைத்தவை அல்ல. சிறு வயதிலேயே மிதமிஞ்சிப் பருத்த 300 பேரின் மரபணுக்களை கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 143 பேருக்கு வளர்ச்சித் தாமதமும் இருந்தது. சிலருக்கு 16-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டே காணோம். அது போனால் பசி அடங்குவதில்லை. 2009 டிசம்பரில் முடிவு வெளியானபோது இன்னொரு விஷயமும் தெரிந்தது. பெற்றோர் வேண்டுமென்றே தின்னக் கொடுக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் இவர்களில் சில குழந்தைகளின் பெயரை பிரிட்டிஷ் சமூக நலத்துறை ஆபத்துப் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆராய்ச்சிக்குப் பிறகு பெயர்கள் நீக்கப்பட்டன. அதுவரை அந்த வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்பதை எந்த ஆய்விதழும் எழுதவில்லை.

மும்பையே இதை நேரில் பார்த்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் எகிப்திலிருந்து இமான் அகமது சரக்கு விமானத்தில் வந்து இறங்கினார். எடை சுமார் 500 கிலோ என்றார்கள். கிரேனில் தூக்கி சைஃபி மருத்துவமனைக்குள் கொண்டுபோனதைப் படம் எடுக்காத பத்திரிகை இல்லை. மரபணுச் சோதனை முடிவு வந்தபோது அவ்வளவு கூட்டம் இல்லை. "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஜீனில், இரண்டு பிரதிகளிலுமே கோளாறு. அந்த ஆண்டு செப்டம்பரில் அபுதாபியில் இமான் இறந்தார். இந்த வகைக் கோளாறுக்கான செட்மெலனோடைட் மருந்தை அமெரிக்கா அனுமதித்தது 2020 நவம்பரில்.

குண்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் இப்படி என்று சொல்வதற்கில்லை. வடா பாவும் சிப்ஸ் பாக்கெட்டும் செய்கிற வேலை நிறைய. ஆனால் பிறந்தபோது துவண்டு கிடந்து, நடை தாமதப்பட்டு, பிறகு அடங்காப் பசியோடு பருக்கும் குழந்தையைத் திட்டுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யலாம். மெத்திலேஷன் சோதனை பிராடர்-வில்லியை ஏறத்தாழ தவறாமல் காட்டிவிடும். பரேலில் உள்ள கே.ஈ.எம். மருத்துவமனை, அரிய நோய்களுக்கான மத்திய அரசின் உயர் மையங்களில் ஒன்று. 2021-ன் தேசியக் கொள்கைப் பட்டியலில் இந்தக் குறைபாட்டுக்கான வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சையும் இருக்கிறது. 2022 முதல் உதவித்தொகை உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். ஹார்மோன் உயரத்தையும் தசையையும் கூட்டும், பசியைத் தொடாது. பசிக்கென்று ஒரு மாத்திரையை அமெரிக்கா அனுமதித்ததே 2025 மார்ச்சில்தான்.

அதுவரை உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லிவந்த வழி, சமையலறையைப் பூட்டி வைப்பது. தாராவியின் பத்துக்குப் பத்து அறையில் அடுப்பு இருக்கும் மூலைக்குக் கதவு கிடையாது. பூட்டுவதென்றால் துணிமணி வைக்கிற டிரங்குப் பெட்டிதான்.