பெயர்கள் பொறித்த கறுப்புச் சுவர்

வென்ற போருக்குச் சின்னம் எழுப்ப எந்த நாடும் தயங்குவதில்லை. வியட்நாம் போர் அமெரிக்காவுக்கு அத்தகையதன்று. அப்போரைக் குறித்துத் தந்தையும் மகனும் ஒரே வீட்டில் அமைதியாகப் பேச இயலாதிருந்த காலம் உண்டு. அந்நிலையில் மாண்டோரை எவ்வாறு நினைவுகூர்வது?

போரிலிருந்து மீண்ட வீரர் சிலர் 1979-இல் ஓர் அமைப்பை நிறுவி, பொதுமக்களிடம் பொருள் திரட்டினர். அவர்கள் விதித்த நிபந்தனைகளுள் இரண்டு நம் கருத்தைக் கவர்கின்றன. மாண்டார், காணாமற்போனார் அனைவர் பெயரும் பொறிக்கப்படல் வேண்டும். போர் சரியா, தவறா என்று சின்னம் எதுவும் பேசலாகாது.

1981-இல் நடந்த போட்டிக்கு 1,421 வரைவுகள் வந்தன. நடுவர்கள் பெயரறியாமல், எண்ணை மட்டும் கண்டு தேர்ந்தனர். வென்றவர் யேல் பல்கலைக்கழக மாணவி மாயா லின், அகவை 21, சீனாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள். எதிர்ப்பு எழாமலிருக்குமா? நிறம் கறுப்பு, மண்ணுக்குள் இறங்கும் அமைப்பு, வீரர் சிலையில்லை என்றனர். அவரது இனத்தைச் சுட்டிப் பழித்தோரும் உண்டு. அச்சொற்களை இங்கே எழுத நாம் விரும்பவில்லை. இறுதியில், சற்றுத் தள்ளி மூன்று வீரர் சிலை ஒன்றை வைக்க இணங்கினர். 1982 நவம்பரில் வாஷிங்டனில் சுவர் திறக்கப்பட்டது. சிலை 1984-இல் வந்தது.

பெயர்கள் அகரவரிசையில் இல்லை. மாண்ட நாள் வரிசையில் உள்ளன. பதவியும் பட்டமும் இல்லை. நடுமுனையில் 1959-இல் தொடங்கும் வரிசை வலக்கோடி சென்று, இடக்கோடியில் மீண்டும் தொடங்கி, 1975-இல் அதே நடுமுனையில் முடிகிறது. ஒரே நாளில் உடன் மடிந்தோர் அருகருகே இருப்பர். 58,000-க்கு மேற்பட்ட பெயர்கள்! வியட்நாமியருள் மாண்டோர் பல இலட்சம். அவர்களுக்கு அச்சுவரில் இடமில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

கல், பெங்களூரை அடுத்த பகுதியில் வெட்டப்பட்டுக் கப்பலேறிய கருங்கல். கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டிருப்பதால், பெயரைப் படிப்பவர் தம் முகத்தையும் அதில் காண்கிறார். தாளை வைத்துக் கரிக்கோலால் தேய்த்துப் பெயரைப் படியெடுத்துச் செல்வோர் பலர். கடிதம், காலணி, பதக்கம் என்று சுவரடியில் வைத்துச் செல்வோரும் உளர். பூங்காத்துறையினர் அவற்றைத் திரட்டிப் பேணுகின்றனர்.

இறப்பு உறுதியானோர் பெயரருகே சாய்சதுரக் குறி. காணாமற்போனோர்க்குச் சிலுவை வடிவக் குறி. எவரேனும் உயிருடன் மீண்டால், அதைச் சுற்றி ஒரு வட்டம் செதுக்குவதென்று ஏற்பாடு. அவ்வட்டம் இதுவரை ஒருவருக்கும் செதுக்கப்படவில்லை.