ஏத்துமீன்

எடவப்பாதி மழை (அதாங்க, ஜூன் மழை) தொடங்கிவிட்டால் எங்கள் கழக்கூட்டம் கிளையில் டெபாசிட் பேச்சே இருக்காது. எல்லாம் 'ஊத்த' பேச்சுதான். நம்மூர் ஏத்துமீன்! புதுவெள்ளத்தை எதிர்த்து வயலுக்கு முட்டையிட ஏறும் விரால், வாளையை வழியிலேயே கூடு வைத்து மறித்துப் பிடிப்பார்கள்.

கேரளாவின் 2010-ஆம் வருட உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி இது குற்றம். 15,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

சின்ன வயசில் வேட்டியை விரித்து ஏத்துமீன் பிடித்தவன்தான் நானும். ஆனாலும் ஓடையை முழுசாக அடைத்துச் சினைமீனை அள்ளுவது அசலை எடுத்துத் தின்கிற வேலை. அப்புறம் வட்டி எங்கிருந்து வரும்?

வயலெல்லாம் ஃபிளாட் ஆனதால்தான் மீன் குறைந்தது என்கிறார் சகஊழியர். வாஸ்தவம். அந்த ஃபிளாட்டுகளுக்குக் கடன் கொடுத்ததே நாங்கள்தானே :-( அதற்காக மிச்சத்தையும் பிடிக்கலாமா?

அவரே போன வாரம் சினைவிரால் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்றுவிட்டேன். வீட்டில் இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை.