தராசு யார் கையில்? சமூக ஊடக விளம்பரமும் நம் வீட்டுத் தொழில்களும்

2025 மார்ச் 31. தமிழகத்தில் நம்மில் பெரும்பாலோர் நோன்புப் பெருநாள் கொண்டாடிய நாள். அதே நாளில் யூடியூப் நிறுவனம் தன் ஷார்ட்ஸ் வீடியோக்களின் ‘பார்வை’ கணக்கை மாற்றியது. அதுவரை சில நொடிகளாவது ஓடினால்தான் ஒரு பார்வை. அன்றிலிருந்து வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை; மறுபடி ஓடினால் இன்னொரு பார்வை. விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் பார்த்தவர் கணக்கில் சேர்ந்துவிட்டார். பார்க்கும் கூட்டம் கூடாமலேயே எண்ணிக்கை மட்டும் கூடியது.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீடியோ தயாரிப்பவர்களுக்கு வருமானத்தைப் பிரித்துக் கொடுக்கும் கணக்கில் யூடியூப் பழைய அளவுகோலையே வைத்துக்கொண்டது. ஊருக்குக் காட்ட ஓர் எண்ணிக்கை, பணம் கொடுக்க ஓர் எண்ணிக்கை!

இது நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். அபாயா, ஹிஜாப், அத்தர், பேரீச்சை, கேக், பிரியாணி என்று வீட்டிலிருந்தபடியே வியாபாரம் செய்யும் சகோதரிகள் இன்று நம் ஊர்களில் ஏராளம். கடை வாடகை இல்லை, குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளலாம். ரமளான் நெருங்கும்போது இவர்களில் பலர் இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் ‘பூஸ்ட்’ செய்யப் பணம் போடுகிறார்கள். அந்தப் பணம் வளைகுடாவிலிருந்து கணவர் அனுப்பியதாக இருக்கும். சீட்டு எடுத்ததாக இருக்கும். சில வீடுகளில் நகையை அடகு வைத்ததாகவும் இருக்கும். அடகு என்றாலே வட்டியும் கூடவே வந்துவிடுகிறது. அப்படிப் போட்ட பணம் பலன் தந்ததா இல்லையா என்பதை லைக் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யலாமா?

விற்பவரே எடை போட்டால்

சந்தையில் பொருளை விற்பவரிடமே தராசும் இருந்தால் நாம் முள்ளைக் கூர்ந்து பார்ப்போம். சமூக ஊடக விளம்பரத்திலும் நிலைமை அதுதான். விளம்பர இடத்தை விற்பதும் அவர்கள். அது எவ்வளவு வேலை செய்தது என்று அறிக்கை தருவதும் அவர்களே.

2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒரு தவறை ஒப்புக்கொண்டது. மக்கள் ஒரு வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதை இரண்டு ஆண்டுகளாக மிகைப்படுத்திக் காட்டியிருந்தது. மூன்று நொடிக்குள் விலகிப்போனவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் வைத்துச் சராசரி எடுத்ததே காரணம். இதனால் 60 முதல் 80 சதவீதம் வரை நேரம் கூடுதலாகத் தெரிந்தது. விளம்பரதாரர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2019இல் 4 கோடி டாலர் தருவதாக ஃபேஸ்புக் சமரசம் செய்துகொண்டது.

வேண்டுமென்றே செய்த தவறு இல்லாவிட்டாலும் கணக்கிடும் முறையிலேயே ஒரு சாய்வு உண்டு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் பொதுவாக உள்ள ஏற்பாட்டின்படி, விளம்பரத்தைத் தொட்டவர் 7 நாட்களுக்குள் இணையக் கடையில் பொருள் வாங்கினால் அந்த விற்பனை விளம்பரத்தின் கணக்கில் சேரும். தொடாமல் கண்ணில் மட்டும் பட்டிருந்தாலும் ஒரு நாளுக்குள் வாங்கினால் அதுவும் சேரும். உங்களிடம் மூன்று வருடமாக வாங்கும் பக்கத்துத் தெரு லாத்தா பெருநாளுக்கு எப்படியும் வாங்கத்தான் போகிறார். அவர் கண்ணிலும் விளம்பரம் பட்டிருந்தால் அந்தப் பெருமையும் விளம்பரத்துக்கே!

பெரிய நிறுவனங்களே இதைத் தாமதமாகத்தான் உணர்ந்தன. ஏரியல், பாம்பர்ஸ் போன்றவற்றை விற்கும் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 2017இல் ஒரே காலாண்டில் 10 கோடி டாலருக்கும் மேல் டிஜிட்டல் விளம்பரத்தைக் குறைத்தது. அதனால் விற்பனை வளர்ச்சி பாதிக்கப்படவில்லை என்று அந்நிறுவனமே அறிவித்தது. அவ்வளவு பெரிய நிறுவனம் அந்த இழப்பைத் தாங்கும். நம் வீடுகள் தாங்குமா?

ஒரு சின்னக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சகோதரி 1,500 ரூபாய்க்கு அபாயா விற்கிறார். ஒன்றில் நிற்கும் லாபம் 450 ரூபாய். 5,000 ரூபாய்க்கு விளம்பரம் போடுகிறார். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 5,900 ரூபாய் ஆகிறது. வாட்ஸ்அப்பில் 120 பேர் விசாரிக்கிறார்கள். 14 பேர் வாங்குகிறார்கள்.

“ஐயாயிரம் போட்டோம், 21,000 ரூபாய்க்கு விற்றோம், நாலு மடங்கு!” என்று வீட்டில் மகிழ்ச்சி. ஆனால் 14 அபாயாவின் லாபம் 6,300 ரூபாய்தான். விளம்பரச் செலவு போக மிஞ்சுவது 400 ரூபாய். அந்த 14 பேரில் 5 பேர் பழைய வாடிக்கையாளர்கள் என்றால், விளம்பரம் கொண்டுவந்தது 9 பேரை மட்டுமே. அவர்களால் வந்த லாபம் 4,050 ரூபாய். அதாவது விளம்பரத்தால் 1,850 ரூபாய் நஷ்டம். இதில் 120 பேருக்கும் இரவு இரவாகப் பதில் அனுப்பிய உழைப்பைச் சேர்க்கவே இல்லை.

இதனால் விளம்பரமே வீண் என்று சொல்ல வரவில்லை. அந்த 9 பேரில் நாலைந்து பேர் அடுத்த பெருநாளுக்கு விளம்பரம் இல்லாமலேயே திரும்ப வந்தால் இந்த நஷ்டம் அடைபட்டுவிடும். ஆகவே எண்ண வேண்டியது லைக்கை அல்ல. புதிதாக வந்தவர் எத்தனை பேர், அவர்களில் திரும்ப வந்தவர் எத்தனை பேர் என்பதை.

பிறையைப் பார்த்துக் கணக்கிடுங்கள்

நம் வியாபாரத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. விளம்பர அறிக்கைகள் ஆங்கில மாதத்தைப் பின்பற்றுகின்றன. நம் விற்பனையோ பிறையைப் பின்பற்றுகிறது. 2024இல் தமிழகத்தில் பெருநாள் ஏப்ரல் 11. ஆகவே துணி வியாபாரம் சூடுபிடிக்கும் கடைசிப் பத்து நாட்கள் ஏப்ரலில் வந்தன. 2025இல் அதே நாட்கள் மார்ச்சிலேயே முடிந்துவிட்டன. இரண்டு ஏப்ரலையும் ஒப்பிட்டவருக்கு 2025இல் வியாபாரம் படுத்துவிட்டதாகத் தெரியும். விளம்பரத்தை நிறுத்தியதுதான் காரணம் என்று நினைத்து மறுபடியும் பணத்தைக் கொட்டுவார். ரமளானை ரமளானோடும், ஷஅபானை ஷஅபானோடும் ஒப்பிடுங்கள். ரமளான் விற்பனையைச் சாதாரண மாதத்தோடு ஒப்பிட்டு அந்த வித்தியாசம் முழுவதையும் விளம்பரத்தின் வெற்றியாகக் காட்டுபவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

நம் கையில் ஒரு தராசு

இதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

ஆர்டர் தரும் ஒவ்வொருவரிடமும் “எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?” என்று கேட்டு எழுதிவையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் உள்ள லேபிள் வசதியால் புதியவர், பழையவர் என்று பிரித்து வைக்கலாம். விளம்பரத்துக்கு ஒரு தள்ளுபடிச் சொல், உறவினர் சொல்லி வருபவருக்கு வேறொரு சொல் என்று கொடுங்கள். வெளியூருக்கும் அனுப்புபவராக இருந்தால் இரண்டு வாரம் திருச்சிக்கு மட்டும் விளம்பரம் கொடுத்து, கோவைக்கு நிறுத்திப் பாருங்கள். இரண்டு ஊர் விற்பனையும் முன்பு இருந்த அளவிலேயே இருந்தால், அந்த விளம்பரம் உங்களுக்கு எதையும் கொண்டுவரவில்லை.

பொய்யான எண்ணும் ஒரு மோசடியே

மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும். பணம் கொடுத்து ஃபாலோயர்களை வாங்குவதும், சொந்தக்காரர்களை விட்டு ‘சூப்பர்’ என்று விமர்சனம் எழுத வைப்பதும் நம்மிடையே தந்திரமாகப் பார்க்கப்படுகிறது. வாங்கும் எண்ணம் இல்லாமலேயே விலையை ஏற்றிக் கேட்டு, மற்றவர்களை ஏமாற வைக்கும் ‘நஜ்ஷ்’ என்ற செயலை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். போலி லைக்கும் போலி விமர்சனமும் அதே வேலையைத்தானே செய்கின்றன? மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே இருந்த ஈரத்தை வெளிக்கொண்டு வந்து வியாபாரியைக் கண்டித்தவர்கள் நபியவர்கள். அளவை நிறுவையில் குறை செய்வோரை எச்சரிக்க ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கும் வேதம் நம்முடையது.

இன்று நாட்டுச் சட்டங்களும் இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டன. காசு வாங்கிக்கொண்டு பொருளைப் பரிந்துரைக்கும் இன்ஃப்ளூயன்சர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் இந்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. போலி விமர்சனங்களையும், விலைக்கு வாங்கும் ஃபாலோயர்களையும் தடை செய்யும் விதி அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

அடுத்த ரமளானுக்கு முன் குடும்பமாக உட்கார்ந்து, சென்ற ஆண்டு விளம்பரத்துக்கு எவ்வளவு போனது, அதனால் மட்டும் எவ்வளவு வந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால், எழுத முடிகிற வரை நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பரக்கத் லைக் எண்ணிக்கையில் இல்லை. நேர்மையான அளவையில் இருக்கிறது. அதை நம் வியாபாரங்களில் அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக.