ஒரு சிட்டிகை உப்பு



அண்மையில் இல்லமொன்றை மந்திரிக்கச் சென்றோம். அடுப்பருகே, கடையில் அளந்து வாங்கிய கல்லுப்பு மூடியின்றி இருந்தது. பனியன் கம்பெனிக்குச் செல்லும் அவ்வீட்டு மருமகளோ கருவுற்றிருந்தாள். மருத்துவ அறிஞர் ராமலிங்கசுவாமியின் நினைவு நமக்கு எழுந்தது.

1921-இல் அன்றைய சென்னை மாகாணத்து ஸ்ரீகாகுளத்தில் பிறந்தவர் அவர். இமயச் சாரலிலுள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் பலருடைய கழுத்தில் கழலை வீங்கித் தொங்கக் கண்டு, அதனை ஆராய்ந்தார். மழையும் பனிநீரும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் செல்ல, உணவில் அது குன்றுகிறது. அயோடின் போதாத தைராய்டு சுரப்பி வீங்குகிறது. 1956-இல் அவர்தம் குழுவினர் பள்ளத்தாக்கை மூன்றாகப் பகுத்தனர். இரு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பையும், ஒன்றுக்கு வெறும் உப்பையும் வழங்கினர். சில ஆண்டுகளில் அவ்விரு பகுதிகளிலும் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் நடுவண் அரசு நாடு தழுவிய கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

கழலை கண்ணுக்குத் தெரியும் கேடு. கருவிலுள்ள சேயின் மூளை வளர்ச்சி குன்றுவதோ, தெரியாமலே நேரும் கேடு. இக்குறை மலைநாட்டோடு நிற்பதன்று, சமவெளியிலும் உண்டு.

தாய்மாரே, உறையைப் பார்த்து அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். வெப்பமும் ஈரமும் அணுகாமல் மூடி வையுங்கள். ஓயாத சோர்வுக்கு இரவு வேலையையே காரணமாக்காமல் மருத்துவரை நாடுங்கள்.

அவ்வறிஞர் 2001-இல் மறைந்தார். அவர் உழைப்பின் பயன் இன்று நம் அடுக்களையிலேயே கிடைக்கிறது. அதைப் பெறவேண்டியதோ, இன்னும் பிறவாத குழந்தை.