‘தகவலுக்காக’ எண்டு எழுதி அனுப்பினா முடிஞ்சுதா?

எங்கட பெடியளுக்குத் தொடர்பாடல் திறன் இல்லையாம். வேலைக்கு ஆள் எடுக்கிற ஆரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுகினம். உடனே ஒரு பயிற்சிப்பட்டறை. ஹோட்டல் மண்டபம், புரொஜெக்டர், காதுக்குள்ள ஒரு வசனத்தைச் சொல்லிக் கடத்துற அதே விளையாட்டு, இடையில ரோல்சும் நெஸ்கபேயும், பின்னேரம் சான்றிதழ். திங்கட்கிழமை கந்தோருக்குப் போனால் வாட்ஸ்அப் குறூப்பில் பழையபடி எண்பது மெசேஜ். கீழே வரிசையாக ‘நோட்டட் சேர்’.

கோளாறு பெடியளின்ர வாயில் இல்லை. இந்த வேலை எதுக்கு எண்டதை அவையளுக்கு ஆரும் சொல்லாததில்தான் இருக்கிறது.

வெள்ளம் வந்த நாளொன்றை நினைச்சுப் பாருங்கோ. ‘பாதிக்கப்பட்ட குடும்பங்களின் விபரம் இரண்டு மணிக்குள் தேவை’ எண்டு கிராம சேவையாளருக்கு ஒரு மெசேஜ் வருகுது. எதுக்கு? இரவுச் சாப்பாட்டுக்கு எண்டால் பள்ளிக்கூடத்தில் இருக்கிறவையையும் சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கினவையையும் எண்ண வேணும், பால்குடிப் பிள்ளையளைத் தனியாகக் குறிக்க வேணும். கூரைத்தகட்டுக்கு எண்டால் அது வேற லிஸ்ட். ஒரு வரி கூடச் சொல்லியிருந்தால் சரியான லிஸ்ட் வந்திருக்கும். சொல்லாததால் மூன்று தரம் திருப்பி அனுப்பி, கடைசியில் அந்த மனுசனுக்கே ஏச்சு.

செய்தி போய்ச் சேர்ந்தால் தொடர்பாடல் நடந்துவிட்டது என்று நம்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த நாட்டில் 2019 ஏப்ரலைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. தாக்குதல் பற்றிய எச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து வந்துவிட்டது. 9ஆம் திகதி அது கடிதமாகப் பொலிஸ் மா அதிபருக்குப் போனது. 11ஆம் திகதி இன்னொரு கடிதம். தேவாலயங்கள் இலக்கு என்று அதில் இருந்தது, சந்தேக நபர்களின் பெயர்கூட இருந்தது. இலக்கணப் பிழை தேடினாலும் அந்தக் கடிதங்களில் தொடர்பாடல் குறை பிடிக்க ஏலாது. ஆனால் 11ஆம் திகதிக் கடிதம் ஆருக்குப் போனது? அமைச்சர்கள், நீதிபதிகள், இராஜதந்திரிகள் போன்றோரைக் காக்கிற பாதுகாப்புப் பிரிவுகளுக்கு. ஆரைக் காப்பாற்றுவது தங்கட வேலை என்று அந்தக் கதிரைகளில் இருந்தவர்கள் நினைத்தார்களோ, செய்தி அந்தத் திசையில் ஓடியிருக்கிறது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்து வாசலுக்கு அது வரவேயில்லை. 21ஆம் திகதி 260க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சீயோனில் செத்ததில் பலர் சின்னப்பிள்ளையள்.

பின்னால் சதி இருந்ததா என்பது வேறு விவாதம், அது இன்னும் முடியவில்லை. கையில் இருந்த தகவலோடு கடமையைச் செய்யவில்லை என்பதை 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு.

அரச கந்தோர் எண்டால் அப்பிடித்தான் எண்டு தட்டிக் கழிக்காதேங்கோ. இதே அரசாங்கத்தில், இதே படிவங்களோட, ஒரு வேலை ஒழுங்காக நடக்குது. ஒரு தாய் கர்ப்ப காலத்திலோ பிரசவத்திலோ இறந்தால் அந்தச் சாவு பதிவோடு முடியாது. ஊரிலிருக்கிற குடும்பநல உத்தியோகத்தர் தொடக்கம் வைத்திய நிபுணர் வரை இருந்து, இவ ஏன் செத்தவ, எங்க பிந்தினது, எதைச் செய்திருந்தால் பிழைச்சிருப்பா என்று ஆராய வேணும். 1940களில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கு மேல் தாய்மார் இறந்த நாடு இது. பிறகு அந்தக் கணக்கு முப்பது அளவுக்கு இறங்கிவிட்டுது. இலவச மருத்துவம், பெண்களின் படிப்பு என்று அதுக்குப் பல காரணம் உண்டு. ஆனால் அந்த மேசையில் இருக்கிற ஆருக்கும் தாங்கள் ஏன் கூடியிருக்கிறம் எண்ட சந்தேகம் வராது. அடுத்த தாய் சாகக் கூடாது. இதுக்கு விளையாட்டு வைத்துப் பழக்கத் தேவையில்லை.

நோக்கம் எண்டவுடன் சில முகாமையாளர்கள் சுவரைக் காட்டுவினம். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள்ள தூரநோக்கு, பணிக்கூற்று, மும்மொழியிலும். அதை வாசிச்சவை ஆரும் இருக்கினமோ தெரியாது, தூசி துடைக்கிற அக்கா வாசிச்சிருக்கக் கூடும். நான் கேட்கிறது அதையில்லை. இந்தக் கிழமை, இந்த வேலை முடிஞ்சால் ஆருக்கு என்ன மாறும், பிழைச்சால் ஆருக்கு அடி விழும், அதை முதல் கண்டவன் ஆரிட்ட ஓட வேணும்? இதைச் சொல்லாமல் மேலிருந்து கட்டளை மட்டும் விழுகிற இடத்தில், புதுசா வந்த பிள்ளை பிழையைக் கண்டாலும் வாய் திறக்காது. ‘உனக்கு என்ன வேலை இதில’ எண்டு கேட்பினம் என்ற பயம். பிறகு அதே பிள்ளைக்குத்தான் தொடர்பாடல் பயிற்சி.

அடுத்த கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கோ: இது எதுக்கு, சேர்? ‘மேலிடம் கேட்டது’ எண்டு பதில் வந்தால் எந்த மேலிடம், அவை இதை வைச்சு என்ன செய்யப் போகினம் எண்டு திருப்பிக் கேளுங்கோ. முகம் கறுக்கும். கறுக்கட்டும். உங்கட பெயர் போட்டுத்தான் அந்த லிஸ்ட் போகுது.