துருவை அகற்றுக, தடயத்தை அகற்றற்க!

பழைய மோட்டார் வண்டிகளைத் தேடிப் பெற்று, பழுது நீக்கி, மெருகூட்டி ஓட்டும் ஆர்வம் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து வருகின்றது. ஒரு காலத்தில் வேறு வழியின்றி வைத்திருந்த மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ-40 வண்டியையும் இன்று விரும்பி வைத்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்தும் ஆட்கள் வந்து விலை பேசுகிறார்கள். இதனை வீண் ஆடம்பரமென்று இகழ்வோர் உளர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. தன் கையால் காபரேற்றரைக் கழற்றிக் கழுவிப் பூட்டத் தெரிந்த மனிதன், கழற்றத் தெரியாத பத்துப் பேரிலும் சமூகத்துக்குப் பயன்படுபவன் என்பதே நமது எண்ணம்.

எனினும் இந்த ஆர்வலர்களிடம் நாம் வினவ வேண்டியது ஒன்றுண்டு. வண்டியைப் பழைய நிலைக்கு மீட்கிறோம் என்கிறீர்களே, அது எந்தப் பழைய நிலை? ஒக்ஸ்போட் நகரை அடுத்த கௌலித் தொழிற்சாலையின் வாயிலைத் தாண்டிய நாளில் இருந்த நிலையா? அப்படியானால் அதற்குப் பின் அவ்வண்டி இந்த மண்ணில் கழித்த ஆண்டுகளை என்ன செய்வதாக உத்தேசம்?

இவ்வண்டிகள் இங்கே எஞ்சியதற்குக் காரணம் எவருடைய கலையார்வமும் அன்று. ஐம்பதுகளில் மருத்துவரும் நியாயவாதியும் அரசாங்க உத்தியோகத்தரும் வாங்கியவை அவை. அறுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிற்று. 1970 முதல் 1977 வரை புதிய காரைக் காண்பதே அரிதாயிற்று. அதன் பின் கதவு திறந்தபோதிலும், யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை போர் வந்து மறு கதவைச் சாத்திவிட்டது. ஆகவே இருந்ததையே ஓட்டினோம்.

ஓட்டிய விதம் விரிவாகச் சொல்லத்தக்கது. 1990ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் பற்றரியும் தடைசெய்யப்பட்டன. எட்டிய எரிபொருள் மண்ணெண்ணெய் ஒன்றே. அதுவும் மட்டாகவே வந்தது. இன்றைய காருக்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் எஞ்சின் தட்டத் தொடங்கிச் சில நாழிகையில் சிதைந்துபோகும். அதன் அழுத்த விகிதம் பத்துக்கு மேற்பட்டது. 803 கன சென்ரிமீற்றர் மொறிஸ் மைனருக்கும், 1200 கன சென்ரிமீற்றர் ஒஸ்ரின் சோமசெற்றுக்கும் அது 7.2 தான். தரங்குறைந்த எரிபொருளை அந்த எஞ்சின்கள் முணுமுணுத்துக்கொண்டே சகித்தன. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே சிறு போத்தலொன்றில் பொன்போலப் போற்றிய பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு இயக்குவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் உள்ளிறங்கி எஞ்சின் எண்ணெயை நீராக்கிவிடும். அடிக்கடி மாற்றாவிடில் தாங்கிகள் தேய்ந்துவிடும். பற்றரி வலுவிழந்த வண்டியை, முன்புறத் துவாரத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி எழுப்பினார்கள். கரும்புகையும் அந்த நாற்றமும் நம் தலைமுறையின் பள்ளிப் பருவத்தோடு ஒட்டிக்கொண்டவை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, முதியோரையும் மூட்டைகளையும் சுமந்து ஊர்ந்தவற்றுள் இவ்வண்டிகளும் இருந்தன.

இப்போது மீட்பு வேலைக்கு வந்த ஒரு வண்டியைப் பாருங்கள். எஞ்சின் அறைச் சுவரில் போத்தலைத் தாங்க அடித்த தகடு இருக்கிறது. இரண்டாவது குழாயைச் செலுத்தத் துளைத்த ஓட்டை இருக்கிறது. கடையில் கிடைக்காத உதிரிப்பாகத்துக்குப் பதிலாகக் கராஜில் கடைந்து பூட்டிய பித்தளைத் துண்டு இருக்கிறது. முதல் நாளே இவை அனைத்தும் குப்பைக்குப் போகின்றன. ஓட்டை அடைக்கப்படுகிறது, மூன்றுமுறை பெயின்ற் அடிக்கப்படுகிறது, இங்கிலாந்திலிருந்து தருவித்த புதிய உறுப்பு பூட்டப்படுகிறது. முடிவில் பிரிஸ்ரல் நகரத்தில் நின்றாலும் வேற்றுமை காணமுடியாத ஒரு மொறிஸ் மைனர் வெளிவருகிறது. 1948 முதல் பதினாறு இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான வண்டி அது. அந்த வகை மைனர் உலகில் இன்னும் ஏராளம் உண்டு. மண்ணெண்ணெயில் முற்றுகையைக் கடந்த மைனர் எத்தனை உண்டு?

நீதிமன்றத்தில் ஒரு சான்றுப் பொருளைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்து வைக்கும் கட்சிக்காரனை எந்த நீதிபதியும் பாராட்டமாட்டார்.

நாம் பழுதுபார்த்தலுக்கு எதிரியல்லர் என்பதைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். மைனரின் முன்சில்லைத் தாங்கும் கீழ்ப்புரிக்குக் கிறீஸ் ஏற்றாமல் விட்டால், புரி தேய்ந்து கழன்று, ஓடும் வண்டியின் சில்லு மடிந்து விழும். உப்புக் காற்று தின்ற அடித்தகடும் பக்கச் சட்டமும் வண்டியின் உயிர். தனிச் சட்டகமில்லாத இவ்வண்டிக்கு உடலே முதுகெலும்பு. அவற்றை வெட்டி எறிந்து புதுத்தகடு ஒட்டுங்கள். பிறேக் குழாயை மாற்றுங்கள். வரலாற்றுப் பற்றைப் பிறேக்கில் காட்டவேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்தானதை மாற்றுவதும், கண்ணுக்கு அழகற்றதென்று மாற்றுவதும் ஒன்றல்ல என்பதே நமது வாதம்.

இனி இலக்கத் தகட்டுக்கு வருவோம். ஆங்கில எழுத்துகள் தாங்கிய பழைய தகடுகளின் இடத்தில், 1957 முதல் புதிய வண்டிகளுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து புகுத்தப்பட்டது. அதனைத் தமிழ் மக்கள் எதிர்த்தார்கள். தமிழில் ‘ஸ்ரீ’ எழுதிய வண்டிகள் வீதிக்கு வந்தன. 1958 மார்ச்சில், தேசியமயமான பஸ்கள் அவ்வெழுத்தோடு வடக்கே அனுப்பப்பட்டபோது அதன்மேல் தார் பூசப்பட்டது. தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மேல் தார் பூசப்பட்டது. ஏப்பிரல் 9ஆந் திகதி பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. ஒரு காரின் நெற்றியிலிருந்த ஓரெழுத்து இத்தனைக்கும் நடுவில் நின்றது.

அந்த எழுத்துத் தாங்கிய தகட்டைச் சிலர் வெறுப்பினால் கழற்றி எறிகிறார்கள்; வேறு சிலர் அழகுக்காக ஆங்கில பாணியில் கறுப்பும் வெள்ளியுமாகப் புதுத்தகடு செய்விக்கிறார்கள். இருவருக்கும் நாம் ஒன்றே சொல்வோம். அவ்வெழுத்தை எதிர்த்தவர்களின் வழியில் வந்த நாமே சொல்கிறோம்: அதனைக் கழற்றாதீர்கள். திணித்தவன் செய்ததற்கு அதைவிடச் சிறந்த ஆவணம் வேறில்லை. தகட்டின் ஓரத்தில் பழைய தாரின் கறை எஞ்சியிருக்குமாயின், அதனைச் சுரண்டுகிறவனுடைய கையைப் பிடித்து நிறுத்துங்கள். திணிப்பும் எதிர்ப்பும் ஒரே தகட்டில் பதிந்த சான்று பிறிதெங்கும் கிடைக்காது.

பழைய வாகனங்களுக்கான உலகச் சம்மேளனமாகிய பீவா, 2013ஆம் ஆண்டின் துரின் சாசனத்தில் இதற்கொத்த கொள்கையையே கூறுகிறது: வாகனம் வாழ்ந்த வாழ்வின் அடையாளங்களும் அதன் உறுப்பே. ஆயின் அதே சம்மேளனத்தின் வரையறை, முப்பது வயதைக் கடந்திருப்பதோடு அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததாகவும் இருக்கவேண்டும் என்கிறது. ஐரோப்பியச் செல்வந்தரின் கொட்டகைக்கு அது பொருந்தும். அண்மைக்காலம் வரை வாடகைக் காராக ஓடி ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட சோமசெற்றுக்கு அது எவ்வாறு பொருந்தும்? அன்றாடம் ஓடியதுதான் அதன் வரலாறு. நமது நாட்டில் பழைய வாகனங்களுக்கெனச் சட்டம் செய்வோர் இந்த நிபந்தனையைக் கண்ணை மூடிக்கொண்டு பெயர்த்தெழுதக் கூடாது.

வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், வண்டியை அடையாளம் காட்டுவது பதிவுப் புத்தகமும், அடிச்சட்ட இலக்கமும், எஞ்சின் இலக்கமுமே. போர்க்காலத்தில் எஞ்சின் மாற்றிய வண்டிகள் பல. ஜப்பானிய டீசல் எஞ்சின் ஏற்றிய மைனரும் உண்டு. மாற்றம் பதிவாகாதிருந்தால் பணம் கொடுக்குமுன் விற்பவரைக் கொண்டே பதிவிக்க வேண்டும். புத்தகத்தை மாத்திரம் வாங்கி அதற்கொரு வண்டி செய்துகொள்ளலாம் என்று ஆலோசனை சொல்பவர், வழக்கு வரும் நாளில் அருகில் நிற்கமாட்டார். 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியதைக் கண்டவர்களுக்கு, இத்தகைய ஆலோசகர்கள் ஏன் பெருகினார்கள் என்பதும் விளங்கும்.

வேலையைத் தொடங்குமுன் வண்டியை நாற்புறமும் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பித்தளைத் துண்டையும் போத்தல் தகட்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, எங்கிருந்து கழற்றியது, எப்போது யார் பூட்டியது என்று தாளில் எழுதிப் பின்பெட்டியில் இடுங்கள். அவற்றைக் கடைந்து பூட்டிய கைகளுக்குரியோர் இன்று முதியவர்கள். பலர் கராஜை மூடிவிட்டார்கள். அவர்கள் பெயரையும் சொல்லையும் கேட்டு எழுதும் வேலை, பெயின்ற் காயும்வரை காத்திருக்கக் கூடியதன்று.