தூசிப் பைக்கு ஒரு பொறுப்பாளர்

குருவிகுளம், திருவேங்கடம், கழுகுமலை என்று எங்கள் கரிசல் பக்கத்து ஊர்களில் நிலை, கதவு செய்கிற எல்லா ஆசாரிமாரும் சொந்தமாக இழைப்பு மிஷின் வைத்திருப்பதில்லை. மரத்தை வண்டியில் ஏற்றி, கூலிக்கு இழைத்துக் கொடுக்கிற பட்டறைக்குக் கொண்டுபோவார்கள். அவசரமென்றால் தாங்களே மிஷினில் நின்று இழைத்துக்கொள்வதும் உண்டு. பிளேடு மழுங்கினால் அன்றைக்கே சாணை பிடித்துவிடுவார்கள். மழுங்கிய பிளேடு மரத்தைக் கெடுக்கும். தூசி உறிஞ்சும் மிஷினின் பை அடைத்துக்கொண்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது கெடுப்பது ஆளைத்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூசியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. நாற்காலி செய்வதற்குப் பேர்போன இங்கிலாந்தின் ஹை வைகோம் ஊரில், மரவேலைக்காரர்களுக்கு மூக்கில் புற்றுநோய் வழக்கத்துக்கு மீறி வருவதை 1960-களில் மருத்துவர் எஸ்மே ஹாட்ஃபீல்டு கவனித்துச் சொன்னார். ஆஸ்துமா, தோல் அரிப்பு, ஓயாத சளி ஆகியவை அதற்கு வெகுமுன்பே வந்துவிடும்.

தரையில் குவிகிற சீவலைப் பெருக்கி அள்ளிவிடலாம். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத தூசிக்கு. உப்புத்தாள் போடும்போதும், எம்.டி.எஃப். பலகையை அறுக்கும்போதும் அதுதான் அதிகம் கிளம்பும். பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைக் குறுக்கே அடித்துப் பாருங்கள். மிஷின் நின்று வெகுநேரம் ஆன பிறகும் அந்த ஒளியில் தூசி மிதந்துகொண்டிருக்கும். ஆடிக் காற்று கொண்டுபோய்விடும் என்று கதவைத் திறந்துவைத்தால், அது பக்கத்து டீக்கடைக்குப் போகும்.

பை மிஷினின் வேலை எளிது. விசிறி இழுக்கிற காற்றில் வருகிற கனமான சீவல் கீழ்ப்பையில் விழும். மேலே உள்ள துணிப்பை தூசியை நிறுத்திக் காற்றை மட்டும் வெளியே விடும். துணியின் உட்புறம் தூசி அப்பிக்கொண்டால் காற்று போக வழியில்லை, இழுவை குறையும். சத்தம் மட்டும் மாறாமல் கேட்பதால் வேலை நடப்பதாகத் தோன்றும். குழாய் வாயில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். நூல் விறைப்பாக உள்ளே இழுபட்டு நின்றால் சரி. தொங்கினால் பையைத் தட்ட வேண்டும். கீழ்ப்பை கழுத்துவரை நிறையும்வரை காத்திருக்கக் கூடாது; முக்கால் நிறையுமுன் கொட்டிவிட வேண்டும். தையல் பிரிந்த பை, பை இல்லாததைவிட மோசம். நுண்தூசியை முகத்துக்கு நேரே ஊதும். கம்ப்ரசர் காற்றால் தரையை ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும்.

தீயும் இதில் இருக்கிறது. 2012-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பாபின், லேக்லாண்ட் என்ற இரண்டு மர ஆலைகள் மூன்று மாத இடைவெளியில் மரத்தூசியால் வெடித்தன. ஒவ்வொன்றிலும் இருவர் இறந்தனர். பழைய மரத்தில் மறைந்திருக்கும் ஆணி ஒன்று போதும், பொறி பைக்குள் போக. ஓடும் தூசி உரசி உண்டாகும் மின்னேற்றமும் பொறியாகலாம்; இரும்புக் குழாய்க்கு எர்த் கொடுப்பது அதனால்தான்.

வேலை செய்யும் இடத்திலிருந்து தூசியை அகற்ற வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 14-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் கணக்கில், மின்சாரம் கொண்டு இயங்கும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாக இருந்தது. இரண்டு மூன்று பேர் நிற்கிற கிராமத்துப் பட்டறைக்கு அந்தக் காவல் கிடைக்கவில்லை. தூத்துக்குடியில் 2022-இல் அறைகலன் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கே வரும் ஆலைகளைக் கேட்க அதிகாரிகள் இருப்பார்கள். நம் பட்டறையை நாம்தான் கேட்க வேண்டும்.

பட்டறை நடத்துகிறவர்களுக்கும் மரம் கொண்டுவருகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இழைப்புக் கூலியில் ஒரு சிறு பங்கைப் புதுப் பைக்கென்று ஒதுக்குங்கள். எந்த வாரம் யார் பை தட்டுவது என்று சுவரில் பெயர் எழுதுங்கள். தட்டுகிறவருக்கு வெறும் துண்டு போதாது, நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். பொது மிஷினுக்குப் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளர் இல்லாவிட்டால், அதற்கான விலையை அங்கே மூச்சு விடுகிற எல்லோரும் கொடுக்க வேண்டிவரும்.